வயிற்றில் ஒரு வளையம், வாசலில் சோற்றுப் பார்சல்

சாப்பாட்டுக் கடை நடத்துகிறவள் தன் கடைச் சாப்பாட்டைச் சாப்பிடாவிட்டால், சனம் முதலில் சந்தேகப்படுவது கறியைத்தான். அவளுடைய வயிற்றை ஒருவரும் சந்தேகப்படுவதில்லை.

என்னுடைய கடை திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இருக்கிறது. காலையில் இடியப்பமும் பிட்டும், மத்தியானத்தில் சோற்றுப் பார்சல். நானும் கிண்ணியாவிலிருந்து வருகிற பரீதாவும் சமைக்கிறோம். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். ஆகவே டொக்டர்மார் சொன்னதை எனக்கு விளங்கின மாதிரித்தான் எழுதுகிறேன். சில வருசங்களுக்கு முன்னர், கனடாவில் இருக்கிற என் தங்கச்சியின் நச்சரிப்புத் தாங்காமல், கொழும்புக்குப் போய் இரைப்பையின் மேற்பக்கத்தில் ஒரு சிலிக்கன் வளையம் போட்டுக்கொண்டேன். தோலுக்குக் கீழே ஒரு பொத்தான் மாதிரி ஒன்றையும் வைத்து, வளையத்தோடு குழாயால் இணைத்துவிட்டார்கள். அதற்குள் ஊசியால் தண்ணீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். கொஞ்சம் சாப்பிட்டவுடன் வயிறு நிறைந்துவிடும்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. நான் மெலிந்தேன், சீனி வருத்தம் அடங்கியது, கோயிலில் ஆட்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சாப்பாடு தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் நிற்கத் தொடங்கியது. நெஞ்செரிவு, இருமல், சாப்பிட்டதெல்லாம் சத்தியாக வெளியே வரும். வளையம் இடத்தை விட்டுக் கொஞ்சம் சறுக்கிவிட்டது, எடுப்பதைப் பற்றி யோசியுங்கள் என்று டொக்டர் சொன்னார். எடுத்தால் பழையபடி மொத்தமாகி, சீனியும் ஏறிவிடுமே என்று எனக்குப் பயம். எடுப்பதா, விடுவதா? வயிற்றோடு மல்லுக்கட்டுகிற உங்கள் எல்லோருக்கும் இந்தக் கரைச்சல் விளங்கும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பைப்படியில் கண்டது

வளையம் போட்டவர்களுக்குக் காலை நேரம்தான் கஷ்டமான நேரம். தண்ணீர்கூட யோசித்து யோசித்துத்தான் இறங்கும். ஆனால் சாப்பாட்டுக் கடைக்காரி உப்புப் பார்க்காமல் இருக்க ஏலுமா? ஆகவே கறியை வாயில் வைத்து, சுவையைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்துப் பைப்படியில் போய்த் துப்பிவிட்டு வருவேன். பரீதாவுக்கு இது பழகிவிட்டது. எனக்கும் பழகிவிட்டதால், யாராவது பார்ப்பார்கள் என்ற எண்ணமே இல்லாமல் போய்விட்டது.

ஒரு நாள் கந்தளாயிலிருந்து நெல்லு லொறியில் வந்த டிறைவர் ஒருவர் கை கழுவப் பின்பக்கம் வந்துவிட்டார். நான் கணவாய்க் கறியை வாயில் வைத்து, கண்ணை மூடி, தலையை ஆட்டி, பிறகு துப்பியதை முழுசாகப் பார்த்தார். முன்னுக்கு வந்து, கட்டி வைத்த பார்சலை மெதுவாக என் பக்கம் தள்ளினார். “ஏன் தம்பி, வேண்டாமோ?” என்று கேட்டேன். நல்ல மரியாதையான மனிதர். பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னார்:

“சமைச்ச உங்களுக்கே ஏலாமக் கிடக்கு, நான் இன்னும் கன தூரம் ஓட வேணும் அக்கா.”

முப்பத்தோராம் நாள் அழுகை

எங்கள் கடையில் தினமும் காலைச் சாப்பாடு எடுக்கிற ஒரு பெரியவர் லிங்கநகரில் காலமானார். முப்பத்தோராம் நாள் சமையலுக்கு எனக்குத்தான் சொல்லியிருந்தார்கள். கொண்டுபோய் இறக்கிவிட்டு நழுவப் பார்த்தேன். பெரியவரின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டார். “அவர் உன்ர கையால சாப்பிட்ட மனிசன். நீ சாப்பிடாமப் போனா அவருக்கு ஆறாது” என்று இலைக்கு முன்னால் இருத்திவிட்டார். ஒரு துண்டு வடை. பருப்பில் தோய்த்து, நன்றாக மென்றுதான் விழுங்கினேன்.

வளையம் போட்டவர்களுக்குத் தெரியும், அடைத்துவிட்டால் நெஞ்சில் கல்லு வைத்த மாதிரி இருக்கும். பிறகு வாயெல்லாம் எச்சில் ஊறி, மூக்கால் ஓடி, கண்ணால் கொட்டும். நான் கைலேஞ்சியை வாயில் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். குலுங்கிக் குலுங்கி நின்றேன். பின்னால் வந்த பெண்கள் என் முதுகைத் தடவி, “அழாதேங்கோ, நல்ல சாவு, கிடந்து வருந்தேல்ல” என்று ஆறுதல் சொன்னார்கள். வாயைத் திறந்து மறுக்க முடியாத நிலை. கடைசியாக அந்த அம்மா வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நானே இப்பிடி அழேல்ல பிள்ளை, உனக்கும் அவருக்கும் அப்பிடி என்ன?”

நோன்பு மாதக் குழம்பு

பைப்படிக் கதைக்குப் பிறகு உப்புப் பார்க்கிற வேலையைப் பரீதாவிடம் விட்டுவிட்டேன். பரீதாவுக்கு நோன்பு தொடங்கியதும்தான் புத்தி வந்தது. “நாக்கு நுனியில வச்சிட்டுத் துப்பலாம் எண்டு சொல்றாங்க அக்கா, எனக்குத்தான் மனசு வராது” என்றாள். சரி, நான் பார்க்கிறேன் என்றேன். அன்றைக்கு என் தொண்டை எச்சிலையே இறக்க மாட்டேன் என்று நின்றது. வாயில் எதையும் வைக்கப் பயந்து, மணத்தை வைத்துக் குழம்புக்கு உப்புப் போதாது என்று முடிவெடுத்துக் கொஞ்சம் போட்டேன். நான் வெளியே போன நேரத்தில் பரீதாவும் மணந்து பார்த்து, அதே முடிவுக்கு வந்திருக்கிறாள்.

சுங்கத்தில் வேலை செய்கிற கிளாக்கர் ஒருவர் எங்களிடம் வழக்கமாக எடுப்பவர். அன்றைக்கு மத்தியானம் பார்சல் கொண்டுபோனவர் பின்னேரம் திரும்பி வந்து, தண்ணீர் தாருங்கோ என்றார். இரண்டு கோப்பை குடித்தார். நடந்ததை நான் ஒளிக்காமல் சொன்னேன். அவர் பரீதாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஒராளுக்கு நோன்பு, ஒராளுக்கு வளையம். நடுவில நாங்கள் என்னக்கா பாவம் செய்தனாங்கள்?”

டொக்டர் கேட்ட கேள்வி

இப்போது என்னைப் பார்க்கிற டொக்டர் எனக்கு வளையம் வைத்துவிட்டவர் அல்ல. வேறு ஒருவர், வயதில் இளையவர். வெள்ளை மருந்தைக் குடிக்க வைத்துப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “என்னம்மா சாப்பிடுறீங்கள்?” என்று கேட்டார். சோறு இறங்காது, பாண் இறங்காது, இறைச்சி நினைக்கவே ஏலாது என்று அழாக்குறையாகச் சொன்னேன். “அப்ப என்ன இறங்குது?” ஐஸ்கிறீம் இறங்கும். வட்டிலப்பம் இறங்கும். சவ்வரிசிக் கஞ்சி, கொஞ்சம் தேங்காய்ப்பால் கூட விட்டால், நன்றாக இறங்கும். ரின்பால், அந்த இனிப்புக் கட்டிப்பால், தனியாகவே இறங்கும். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே குறைந்துகொண்டு வந்தது. மெலிந்த உடம்பில் பாதி ஏன் திரும்பி வந்தது என்று அதுவரை நான் வளையத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

டொக்டர் சிரிக்கவில்லை. பேனையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “அம்மா, மரக்கறியையும் மீனையும் மறிச்சுப்போட்டு, இனிப்பை மட்டும் உள்ள விடுற ஒரு கேற்றைத்தான் நீங்கள் இவ்வளவு நாளும் காவல் காத்திருக்கிறீங்கள்.”

கடை வாசலில் நடந்த விசாரணை

நான் ஒன்றையும் மனதில் வைத்துக்கொண்டிருக்கத் தெரியாதவள். இடியப்பம் கட்டக் கட்ட என் வயிற்றுக் கதையையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். ஒரு கிழமைக்குள் துறைமுக வீதி முழுக்க அபிப்பிராயம் வைத்திருந்தது. எடுங்கோ என்றார் ஒருவர். எடுத்தால் காற்றுப்போன பலூன் மாதிரித் தோல் தொங்கும் என்றார் இன்னொருவர். பாலையூற்றில் என் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கிற ஒரு அக்கா நேர்த்தி வைக்கச் சொன்னார்; எடுப்பதற்கா, எடுக்காமல் இருப்பதற்கா என்று கேட்டேன், “அதை நீ முடிவெடுத்துப்போட்டு வை” என்றார். தங்கச்சி வட்ஸ்அப்பில் வந்து, “எடுத்தா நீ திருப்பி ஊதிப்போவாய். அம்மா சீனியில காலைக் குடுத்ததை மறந்திட்டியே?” என்று கேட்டாள். மறக்கவில்லை. அதைத்தான் நான் படுக்கும்போதும் எழும்பும்போதும் நினைக்கிறேன். அவள் போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் என்னால் வேலை செய்ய ஏலாமல் இருந்தது.

அன்றைக்குப் படகு எஞ்சின் திருத்துகிறவர் ஒருவர் பிட்டுக்குக் காத்து நின்றார். எல்லாக் கதையையும் கேட்டுவிட்டு, வளையம் எவ்வளவு இறுக்கம், தண்ணீர் எந்தப் பக்கத்தால் ஏற்றுவது என்று ஏதோ எஞ்சினைப் பற்றிக் கேட்கிற மாதிரி விசாரித்தார். எனக்கும் ஒரு நம்பிக்கை வந்தது. முடிவில் என்ன சொல்லப்போகிறார் என்று கையில் கரண்டியோடு நின்றேன்.

“எனக்கு உதில ஒண்டும் விளங்கேல்ல அக்கா, பிட்டுக்குக் கொஞ்சம் சம்பல் கூட வையுங்கோ.”

ஒரே சஹனில்

பரீதாவின் மகளுக்குக் கிண்ணியாவில் கல்யாணம். போகாமல் இருக்க முடியாது. கல்யாண வீடுகளில் தப்புவதற்கு என்னிடம் ஒரு வழி இருந்தது: தட்டில் கொஞ்சமாகப் போட்டுக்கொள்வது, அங்கும் இங்கும் நடப்பது, ஹான்ட்பேக்குக்குள் இருக்கிற பொலித்தீன் பைக்குள் மெதுவாகத் தள்ளுவது. ஆனால் அவர்களுடைய விருந்து சஹன். பாயில் வட்டமாக ஆறு பெண்கள், நடுவில் ஒரே பெரிய தட்டு, அவரவர் தன் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். தட்டில் யார் எவ்வளவு சாப்பிட்டார் என்பது வட்டத்துக்கே தெரியும். நான் மணப்பெண்ணின் தாயோடு வேலை செய்கிறவள் என்பதால், மற்ற ஐந்து பேரும் நல்ல நல்ல இறைச்சித் துண்டுகளை என் பக்கம் நகர்த்தினார்கள். அவர்களுடைய பக்கம் பள்ளமாகிக்கொண்டு போக, என் பக்கத்தில் மட்டும் சோறு மலையாக நின்றது. ஒருவரும் எழும்பவில்லை. கடைசி ஆள் முடிக்கும்வரை காத்திருப்பதுதான் அங்கே மரியாதை. சஹனைச் சுற்றிப் பத்துக் கண்கள், எல்லாம் அன்பாக.

வெட்கத்தில் ஒரு வாய் இறைச்சி வைத்தேன். பிறகு நடந்ததை நான் எழுதத் தேவையில்லை. என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனது என்னோடு சஹனில் இருந்த வயதான உம்மா, பரீதாவின் மாமி. எல்லாம் வெளியே வந்து முடியும்வரை என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே பாட்டும் சிரிப்பும். நான் ஒரு நல்ல நாளில், ஒரு நல்ல வீட்டின் பின்பக்கத்தில், பட்டுச்சேலையோடு குந்தியிருந்தேன். மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதைவிட, அந்த மலையாய் நின்ற சோறுதான் எனக்குத் தாங்கவில்லை. அது நல்ல சோறு. சமைக்கிறவளுக்குத் தெரியும். வளையக் கதையைச் சொன்னேன். உம்மா என் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

“இதைப் போட்டவரக் கூட்டிவந்து எங்கட சஹன்ல ஒருக்கா இருத்து மகள், அவரே கழட்டிப்போடுவார்.”

தண்ணீர் எடுத்த கிழமை

டொக்டர் முதலில் வளையத்திலிருந்த தண்ணீரை முழுக்க எடுத்துவிட்டார். “கொஞ்ச நாள் இப்பிடி இருந்து பாருங்கோ” என்றார். அன்றைக்கு இரவு நான் இருமாமல் படுத்தேன். என் வீட்டுக்காரர் எழும்பி மூச்சு வருகிறதா என்று என் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாராம். இரண்டாம் நாள் இடியப்பமும் சொதியும் இறங்கியது. மூன்றாம் நாள் பசி வந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு வந்த உண்மையான பசி. நான் பயந்துபோனேன். கொதிக்கிற மீன் குழம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஏதோ களவு எடுக்க வந்தவள் மாதிரி பரீதாவைப் பார்த்து, “எடியே, எனக்குப் பசிக்குது” என்றேன். அவளுக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை.

“அதுக்கென்னக்கா, சோத்துச் சட்டிக்குப் பக்கத்திலதானே நிக்கிறீங்க.”

ஓம் என்ற நாள்

திரும்பக் கிளினிக்குக்குப் போனபோது, போகிற வழியெல்லாம் கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தேன். எடுத்தால் உடம்பு கூடுமோ? “கூடலாம். கூடாது எண்டு என்னால சொல்ல ஏலாது.” சீனி? “அதைப் பாத்துக்கொண்டுதான் இருக்க வேணும். மருந்து இருக்கு, நடை இருக்கு, நானும் இருக்கிறன்.” தண்ணீர் இல்லாமலே வளையத்தை உள்ளே விட்டால் என்ன? “சறுக்கின சாமான் சும்மா கிடக்கும் எண்டு நம்ப ஏலாது.” மயக்க மருந்தில் எழும்பாமல் விட்டால்? உள்ளே எங்காவது ஒட்டிப் பிடித்திருந்தால்? நான் இல்லாத நாட்களில் பரீதா தனியாகக் கடையைப் பார்ப்பாளோ? இதற்கும் அவர் பதில் சொல்லப் பார்த்தார், பாவம். பிறகு, வளையம் இல்லாமல் எனக்குப் போதும் என்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவ்வளவு நேரமும் நான் கேட்க நினைத்தது அதுதான் என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது.

“உடனே தெரியாது. மெல்ல மெல்லச் சாப்பிட்டுத்தான் பழக வேணும்” என்றார் டொக்டர். எல்லாம் உடனே சரியாகிவிடும் என்று அவர் பொய்யாக உறுதி தராதது எனக்குப் பிடித்தது. ஓம், எடுங்கோ என்றேன். சொன்ன கையோடு இன்னும் ஒரு கேள்வி ஞாபகம் வந்து வாயைத் திறந்தேன். அவர் கையைத் தூக்கி மறித்தார்.

“அம்மா, இதில பாதிக் கேள்வியை வளையம் போடேக்க கேட்டிருந்தா, எனக்கு இண்டைக்கு வேலையே இருந்திராது.”

ஊராரின் பசியை நம்பிக் கடை வைத்திருக்கிற ஒருத்தி தன்னுடைய பசிக்கு மட்டும் பயந்துகொண்டிருந்தால், அந்தப் பயத்துக்கு எந்த அளவில் வளையம் செய்து போட்டாலும் பொருந்தாது.