முதுகுக்கு மிஞ்சிய முக்கோணங்கள்

1. ஒரே பேனா

வேலையில் சேர்ந்த முதல் நாள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மவுஸ்ல மூக்கு வரைய வருமா?" என்பதுதான். வரும் என்றேன். வராது. அன்று நான் வரைந்த மூக்கைப் பார்த்து யாரும் சிரிக்காமல் இருந்ததற்கு இன்றும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. கொல்கத்தாவில், பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடி. கீழே மிட்டாய்க்கடை, அதனால் எங்கள் ஆபீஸில் எப்போதும் பால் காயும் வாசனை. ஆறு பேர், ஆறு டப்பா மானிட்டர்கள், வெளிநாட்டு கேம் கம்பெனிகளுக்கு கேரக்டர் செய்து கொடுக்கும் வேலை. கம்ப்யூட்டரில் நேராக வரைய உதவும் டேப்லெட் பேனா மட்டும் ஒன்றே ஒன்று. தெருக்குழாயில் குடம் வைப்பது போல முறை வைத்து வாங்குவோம். இப்போது வீட்டுக்கு வீடு அந்தப் பேனாவை வைத்துக்கொண்டு "மூடு வரல" என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், கொஞ்சம் பொறாமையும்தான்.

லீட் ஆர்ட்டிஸ்ட் சுப்ரதோதா. அங்கே அண்ணனை 'தா' என்பார்கள். கல்லூரி நாட்களில் துர்கா பூஜை சீசனுக்கு விக்கிரகங்களுக்கு முகம் தீட்டப் போனவர். செண்பகம் என்ற என் பெயர் அவர் வாயில் நுழையாமல் சம்பா ஆனது. அவர் பேசியது வங்காளத்தில். என் காதில் விழுந்தபடி தமிழில் எழுதுகிறேன்.

வீட்டில் அப்பாவுக்கு இந்த வேலை மேல் நம்பிக்கையே இல்லை. மத்திய அரசு உத்தியோகம், அலிப்பூரில் குவார்ட்டர்ஸ், திருநெல்வேலிப் பேச்சு. "படம் போடுததுக்கு எவனாவது சம்பளம் குடுப்பானாட்டி?" என்பார். அந்த சமயம் பார்த்து அவருக்குச் சென்னைக்கு மாற்றல் ஆர்டர் வந்தது. நானோ மூன்று மாத டிரெய்னி.

"வேல நிரந்தரம்னு பேப்பர்ல எழுதிக் குடுத்தா இரு. இல்லன்னா பேசாம எங்ககூட கெளம்பு" என்றார்.

இரண்டாம் வகுப்பிலிருந்து நான் வளர்ந்தது அந்த ஊரில். சென்னை எனக்கு அத்தை வீட்டுக் கோடை விடுமுறை, அவ்வளவுதான். கொல்கத்தாவை விட்டுப் போக எனக்கு மனமே இல்லை.

2. கண் திறந்த நாள்

என் முதல் கேரக்டர், ஊர் ஊராகக் கடிதம் கொண்டு போகும் ஒரு பெண். தோளில் பை. கேமில் எந்த உருவமும் சின்னச் சின்ன முக்கோணங்களை ஒட்டித்தான் ஆகும். அன்றைய கம்ப்யூட்டர் தாங்க வேண்டுமே என்று ஓர் ஆளுக்கு இத்தனை முக்கோணம் என்று அளந்து கொடுப்பார்கள். எனக்குக் கிடைத்தது ஆயிரத்து ஐந்நூறு. தலையிலிருந்து செருப்பு வரை அதற்குள் முடிக்க வேண்டும்.

தலைக்கு மட்டும் தொள்ளாயிரம் போட்டேன். இமை, உதடு, மூக்குத்தி எல்லாம் தனித்தனியாக. சுப்ரதோதா தடுக்கவில்லை. "முகம் நின்னுட்டா எல்லாம் நின்னுடும், சம்பா. தைரியமாப் போடு" என்றார்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. விக்கிரகம் செய்பவர்கள் எல்லா வேலையும் முடிந்தபின் கடைசியாகக் கண் தீட்டுவார்கள் அல்லவா, அதே போல நாங்களும் கேரக்டருக்குக் கண்ணைக் கடைசியில், தனியாக ஒரு நாளில்தான் வரைவோம். கீழே மிட்டாய்க்கடையிலிருந்து சந்தேஷ் என்ற பால் இனிப்பு வரும். பேனா அன்று முழுக்க அந்த ஆளுக்கே. நான் கண்மணியில் வெள்ளைப் புள்ளி வைத்ததும் பின்னால் நின்ற ஐந்து பேரும் "ஆஹா" என்றார்கள். சுப்ரதோதா தன் பங்கு சந்தேஷையும் எனக்கே கொடுத்தார். என்னைப் போல ஒருத்தி உண்டா என்று நினைத்துக்கொண்டேன். கேரக்டரைத் தபாலில் போடாத குறையாக அன்றே அனுப்பிவிட்டோம்.

3. திரும்பாதவள்

ஒரு வாரம் கழித்து அந்த கேம் கம்பெனியிலிருந்து சின்ன வீடியோ வந்தது. டெலிபோன் லைனில் அது இறங்கி முடிக்க ஒரு மதியம் ஆயிற்று. ஆறு பேரும் என் மானிட்டர் முன் கூடினோம்.

பாலைவனத் தெரு ஒன்றில் என் பெண் நடந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள். முதுகு பலகை. பின்னல் ஒரு கறுப்புச் செங்கல். நடந்தாள், நடந்தாள், திரும்பவே இல்லை.

"அரே, முகம் எங்க?" என்றார் சுப்ரதோதா.

வீடியோவோடு வந்த மெயிலில் பதில் இருந்தது. கேம் ஆடுபவர் முழு நேரமும் அவளுக்குப் பின்னால்தான் போவார், முகம் தெரிவது மொத்தம் நாலைந்து இடத்தில், இந்த முதுகை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, பத்து நாளில் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் வேறு இடத்தில் கொடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள்.

அவர்கள் முதலில் அனுப்பிய குறிப்பின் முதல் பக்கத்திலேயே 'கேமரா பின்னால்' என்று இருந்தது. ஆறு பேரும் படித்திருந்தோம், ஒருவர் மனத்திலும் ஏறவில்லை. எப்படி ஏறும்? பூஜைப் பந்தலில் தேவியின் முதுகை யார் பார்த்தார்கள்? பின்னால் எட்டிப் பார்த்தால் மூங்கிலும் வைக்கோலும் இருக்கும். அழகெல்லாம் முன்பக்கம், கும்பிடுபவரும் முன்பக்கம். அப்படியே பார்த்து வளர்ந்த கண்கள் எங்களுடையவை. சந்தேஷ் சாப்பிட்டுக் கண் திறந்தோம், முதுகுக்கு வைக்கோல் வைத்து அனுப்பினோம்.

"தப்பு என்னோடது. தலைக்குத் தொள்ளாயிரம் போடவிட்டதே நான்தான்" என்றார் சுப்ரதோதா. அவர் சொன்னது பெருந்தன்மை. ஆனால் வேலை போனால் போவது என் வேலை. நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

4. அலிப்பூர் பால்கனி

முதுகுக்கு முக்கோணம் வேண்டுமானால் முகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். இமையை அழித்தேன். மூக்குத்தியை அழித்தேன். உதட்டை வெறும் வண்ணமாக்கினேன். நானே திறந்த கண்ணை நானே மூடினது போல இருந்தது. அறுநூறு முக்கோணம் கைக்கு வந்தது. அதை வைத்து முதுகு செய்தேன். முன்பைவிட நல்ல பலகை கிடைத்தது.

மூன்று நாள் அப்படியே போயிற்று. நாலாம் நாள் காலை வீட்டு பால்கனியில் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். கீழே அம்மா மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வலது தோளில் துணிப்பை. எத்தனையோ வருடமாக அதே தோளில்தான் மாட்டுவாள். பை நழுவாமல் இருக்க அந்தத் தோளைச் சற்றுத் தூக்கியே வைத்திருப்பாள். தலை இடப்பக்கம் சாய்ந்திருக்கும், பின்னலும் அந்தப் பக்கமே விழும். வலது முழங்கை பையை அணைத்தபடி வெளியே துருத்தும். தெருமுனை வரை பார்த்தேன். இருபத்து மூன்று வருடம் அவள் சமைத்ததைச் சாப்பிட்டிருக்கிறேன், அவள் நடையை அன்றுதான் பார்த்தேன்.

பக்கத்தில் அப்பா வழக்கம்போலக் காப்பி டம்ளரோடு நின்றிருந்தார். "என்னட்டி வாயில நுரையோட அப்படிப் பாக்க?" என்றார். "சும்மாப்பா" என்றேன்.

எங்கள் வேலையில் உடம்பின் பாதியைச் செய்து, மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பம் போல மிரர் போட்டுவிடுவோம். நேரம் மிச்சம். என் முதுகு பலகையாக இருந்ததற்கு அதுதான் காரணம், இரண்டு தோளும் ஒரே அச்சு. ஆபீஸ் போனதும் மிரரை எடுத்தேன். வலது தோளை ஏற்றினேன். தலையைச் சாய்த்தேன். பின்னலை ஒதுக்கினேன். பை வார் அழுத்தும் இடத்தில் துணிக்கு மடிப்பு கொடுத்தேன். இந்தத் தடவை சந்தேஷ் கிடையாது, ஆனால் சுப்ரதோதா தன் முறையில் வந்த பேனாவை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள் அனுப்பினோம். "இவள்தான்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த வாரமே நிரந்தரம் என்று கடிதம் கொடுத்தார்கள்.

அப்பா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "பேப்பர் கெடக்கட்டும். என்ன வேலன்னு நான் பாக்கணும்லா" என்றார்.

சனிக்கிழமை ஆபீஸுக்கு வந்தார், அயர்ன் பண்ணின சட்டையில். நான் முதலில் முகத்தைக் காட்டினேன். "ம். நல்லாருக்கு. யாரு இவ?" என்றார். யாருமில்லை, கதையில் வருகிறவள் என்றேன். கேமராவைப் பின்னால் கொண்டு போய் நடக்க விட்டேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். அவள் தெருமுனைக்குப் போகும்வரை பார்த்தார்.

"ஏட்டி, இது உங்கம்மால்லா!"

நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அம்மாவுக்கே தெரியாது. பால்கனியில் அத்தனை வருடம் காப்பி டம்ளரோடு அவர் எதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "இன்னொரு தரம் நடக்கச் சொல்லு" என்றார். நடக்கவிட்டேன். படி இறங்கும்போது, "ஹாஸ்டல்ல காலைல என்ன போடுவாங்க, பூரியா? தெனமும் எண்ணெய் ஆகாது ஒனக்கு" என்றார். நான் கொல்கத்தாவில் இருக்கலாம் என்பதை அவர் அப்படித்தான் சொன்னார்.

இன்று என்னிடம் வேலை கேட்டு வருகிறவர்கள் காட்டுவது முழுக்க முகம். பிரமாதமான முகங்கள், ஒவ்வொரு மயிர்க்காலும் தெரியும். பார்த்துவிட்டு, "கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க" என்பேன். பாதிப் பேருக்கு அங்கே பலகைதான். அவர்களிடம் நான் கோபப்படுவதில்லை. வீட்டில் ஒருவர் நடந்து போவதைத் தெருமுனை வரை பார்த்துவிட்டு வாருங்கள், அதுதான் உங்கள் முதல் பாடம் என்று சொல்லி அனுப்புகிறேன்.

அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. அப்பா சென்னையில் இருக்கிறார். வீட்டில் அம்மாவின் போட்டோக்கள் நிறைய இருக்கின்றன, எல்லாவற்றிலும் அவள் முகம்தான். அதனால் நான் அங்கே போகும்போதெல்லாம், "அந்தப் பொண்ண நடக்க விடுட்டி" என்பார் அப்பா. பழைய லேப்டாப்பைத் திறந்து நடக்க விடுவேன்.