கடன் முடியட்டும் என்றிருந்தோம்

மகள் படித்து முடித்து ஆசிரியையான கோடையில், ஹம்மர்பெஸ்டில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். நான் குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். அடுப்பை நிறுத்திவிட்டு மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதே ஊரைத்தான் சொன்னாள்.

நோர்வேயின் வடக்கு முனையில் கிடக்கும் அந்த ஊர் எனக்குத் தெரியாத ஊர் இல்லை. என் கணவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முதன்முதலில் வேலை செய்தது அங்கிருந்த மீன் தொழிற்சாலையில். நான் கல்யாணம் கட்டி வந்து இறங்கியதும் அங்கேதான். மாரி வந்தால் இரண்டு மாதம் சூரியன் எழும்பாது. நான் ஜன்னல் திரையை இழுக்காமலே விட்டுவைப்பேன், வெளிச்சம் வந்தால் தெரியட்டும் என்று. கணவர் வேலையால் வரும்போது கையெல்லாம் விறைத்து, மீன் வாடையோடு வருவார். மகளும் அங்கேதான் பிறந்தாள். அவளுக்கு இரண்டு வயதாக முன்னமே, அழுது அழுது எல்லாரையும் ஒஸ்லோவுக்கு இழுத்துக்கொண்டு வந்தவள் நான். அங்கே புருசெத் என்ற பகுதியில், மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் தமிழ்ச் சத்தம் கேட்கிற மாடிக் கட்டடத்தில் ஒரு வீடு எடுத்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

“அது நாங்கள் விட்டிட்டு வந்த ஊரெல்லே பிள்ளை,” என்றேன்.

“அங்கை போய் வேலை செய்தா, படிப்புக் கடனிலை வருஷா வருஷம் ஒரு பங்கைக் கழிச்சு விடுவினம் அம்மா. அங்கை ஆக்கள் போறேல்லை எண்டு அரசாங்கம் அப்பிடி வைச்சிருக்கு.”

விறாந்தைக் கதவடியில் நின்று சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்த கணவருக்கு இது கேட்டுவிட்டது. “நான் மீன் வெட்டி, வெளிநாடு வந்த ஏஜென்சிக் கடன் கட்டின ஊர்,” என்றார். “இப்ப மகளும் அங்கை போய்த்தான் கடன் கட்டப் போறா. எங்கடை குடும்பத்துக்கெண்டே அந்த ஊரைக் கட்டி வைச்சிருக்கிறாங்கள்.” அவரே சிரித்தார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

மகளுடைய படிப்புக் கடன் ஏன் அவ்வளவு பெரிதாய் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

இந்த நாட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் காசு கொடுக்கும். எல்லாம் முதலில் கடன்தான். பிள்ளை பெற்றோருடைய வீட்டை விட்டுத் தனியாகப் போய் இருந்து, சோதனைகளையும் பாஸ் பண்ணினால், அதில் ஒரு நல்ல பங்கைத் திருப்பித் தர வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். பெற்றோரோடு இருந்தால் அந்தச் சலுகை இல்லை. முழுக்கக் கடன்தான். மகள் முதல் வருடத்திலேயே இதைச் சாப்பாட்டு மேசையில் விளங்கப்படுத்தினாள். நகரத்துப் பக்கம் ஒரு மாணவர் அறை பார்த்திருப்பதாகவும் சொன்னாள். சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை. சோற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“இஞ்சையிருந்து ரயில் ஏறினா அரை மணித்தியாலம். அதுக்கேன் வேறை வீடு?” என்றார் கணவர்.

“வெளியிலை இருந்தா ஒரு பங்கு சும்மா தருவினம் அப்பா.”

“நாங்களும் மூண்டு நேரமும் சோறு சும்மாதானே தாறம்.”

பகிடியாகத்தான் சொன்னார். அவள் கொஞ்சம் சிரித்தாள். அந்தக் கதை அதோடு முடிந்துபோனது. கல்யாணமாகாத பெண்பிள்ளை, பெற்றோர் இருக்கிற அதே நகரத்தில், வேறு வீட்டில் இருப்பதா? எங்கள் கட்டடத்தில் அப்படி ஒரு பிள்ளையும் அப்போது இருக்கவில்லை. தாய் தகப்பனோடு சண்டை என்றுதான் சனம் நினைக்கும். அதை வாய்விட்டு ஒருவரும் சொல்லத் தேவைப்படவில்லை. மேசையில் இருந்த மூன்று பேருக்கும் அது தெரிந்திருந்தது.

ஒஸ்லோவிலேயே அம்மருட் பக்கம் ஒரு அக்கா இருக்கிறா. எங்கள் பெண்கள் நடுவில் சீட்டுப் பிடிக்கிறவ. வீட்டுக்கு வந்திருந்தபோது இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, “விசர்க் கதை கதையாதையுங்கோ,” என்றா. “பிள்ளை இஞ்சை இருக்கட்டும். விலாசத்தை மட்டும் என்ரை வீட்டுக்கு மாத்துங்கோ. எத்தினை பேர் செய்யினம்.”

கணவர் தலையாட்டவில்லை. “இந்த நாட்டுக்கு வாறதுக்குச் சொன்ன பொய்யே காணும் அக்கா,” என்றார். “இனிச் சொல்லேலாது.”

அக்கா என்னைப் பார்த்தா. நான் தேத்தண்ணி ஊற்றினேன். எனக்கு இப்படியான இடங்களில் வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பத்தாம் வகுப்போடு படிப்பும் நின்றது. இங்கே வந்து மொழி படித்த வகுப்பிலும் கடைசி வாங்கில் இருந்து எழும்பாமலே முடித்தேன். இப்போதும் முதியோர் இல்லத்துக் குசினியில் கோப்பை கழுவுகிற மெஷினோடுதான் எனக்கு அதிகப் பேச்சு.

இப்படி ஐந்து வருடம் அவள் எங்களோடு இருந்து படித்தாள். காலையில் ரயிலில் போய் மாலையில் வந்து, தன் அறைக் கதவைச் சாத்திப் படிப்பாள். சத்தம் வராது. யாராவது வீட்டுக்கு வந்தால் ஒருமுறை வெளியில் வந்து சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். “தாயைப் போலை, நல்ல அடக்கம்,” என்று சனம் சொல்லும். எனக்கு அது பெருமையாக இருந்தது.

படிப்பு முடிந்தபோது ஐந்து வருடக் கடனும் முழுதாக நின்றது. அவளோடு படித்த நோர்வேப் பிள்ளைகளுக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். அதை அவள் எங்களிடம் குறையாகச் சொல்லவில்லை. ஹம்மர்பெஸ்ட் என்றுதான் சொன்னாள்.

விமான நிலையத்தில் கணவர் அவளுக்குத் தன் பழைய கம்பளித் தொப்பியைக் கொடுத்தார், அங்கே வேலை செய்த காலத்துத் தொப்பி. “அப்பா, இது மணக்குது,” என்றாள். “அது மீன் இல்லைப் பிள்ளை, உழைப்பு,” என்றார். நான் வறுத்து இடித்த மிளகாய்த்தூளை மூன்று பையில் சுற்றி வைத்தேன். “கடன் முடியட்டும் அம்மா, வந்திடுவன்,” என்று என் தோளில் முகத்தை வைத்துச் சொன்னாள். அந்தச் சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பரில் ஒவ்வொரு நத்தார் விடுமுறைக்கும் வருவாள். அவள் குளித்துச் சாப்பிட உட்கார்ந்ததும் கணவர் கேட்பார்: “எவ்வளவு உருகிச்சு?”

“கொஞ்சம் உருகிச்சு அப்பா.”

பனியைப் பற்றிக் கேட்கிற மாதிரிக் கேட்பார், அவளும் அப்படியே சொல்வாள். சம்பளத்தில் மாதாமாதம் கட்டுவதும், அரசாங்கம் கழித்துவிடுவதுமாக, அந்தப் பெரிய கட்டி உருகிக்கொண்டிருந்தது. நான் அவளுடைய அறைக் கட்டிலுக்கு ஒவ்வொரு வருடமும் புதுத் துணி விரித்தேன். கோயிலில், கடையில், ரயிலில் காண்கிறவர்கள் கேட்பார்கள். “மகள் இன்னும் அங்கையோ? கல்யாணம் ஒண்டும் பாக்கேல்லையோ?” நான், “கடன் முடியட்டும் எண்டு இருக்கிறம்,” என்பேன். இது எனக்கு வாய் வந்த பதில். கேட்டவர்களும் தலையாட்டுவார்கள். கடன் என்றால் எங்கள் சனத்துக்கு விளங்கும்.

ஒரு நத்தாருக்கு அவள் மூன்று நாள்தான் நின்றாள். பள்ளிக்கூடத்தில் வேலை என்றாள். அவள் போன பிறகு கட்டில் துணியைக் கழற்றும்போது, அது கசங்கக்கூட இல்லைப் போலிருந்தது. அன்றைக்குத்தான் அம்மருட் அக்காவுக்குப் போன் எடுத்தேன். நானாக அவவுக்குப் போன் எடுத்தது அதுதான் முதல் தடவை.

“எனக்கு இந்த மாசம் சீட்டு வேணும் அக்கா.”

“உமக்கோ? நீர் எப்பவும் கடைசியாத்தானே எடுக்கிறனீர். இப்ப எடுத்தா கழிவு கனக்கப் போகும்.”

“பரவாயில்லை.”

சீட்டு என்றால், பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து மாதாமாதம் காசு போடுவோம். அந்த மாதம் யார் கூடக் கழிவு விடுகிறாரோ, அதாவது கூடிய தொகையை விட்டுக்கொடுக்கிறாரோ, அவருக்கு மொத்தக் காசும் போகும். எடுத்த பிறகும், சீட்டு முடியும் வரைக்கும் மாதக் காசைக் கட்டத்தான் வேண்டும். நான் அந்த மாதம் எல்லாரையும் விடக் கூடக் கழிவு விட்டு எடுத்தேன். மகளுடைய மிச்சக் கடனை ஒரேயடியாக அடைத்துவிட்டால் அவள் வருகிற கோடையிலேயே வந்துவிடலாம் என்பது என் எண்ணம். போனில் சொல்லக் கூச்சமாயிருந்தது. நேரில் போய்ச் சொல்வதென்று விமானச் சீட்டும் எடுத்தேன். முழங்கால் வருத்தத்தோடு இருந்த கணவர், “அந்த ஊருக்குத் திரும்பிப் போகமாட்டன் எண்டு சத்தியம் பண்ணின மனுசி,” என்றார். ஆனால் என் பெட்டியில் கருவாட்டுப் பொதி இறுக்கி வைத்தவர் அவர்தான்.

நான் போனது பங்குனியில். வெளிச்சம் திரும்பி வந்திருந்த காலம். மகள் கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். வழியில் இரண்டு கலைமான்கள் ரோட்டை மறித்து நின்றன. அவள் கண்ணாடியை இறக்கி அவற்றைக் கத்தித் திட்டினாள். அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீன் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது வேறு கட்டடங்கள். நான் ஜன்னல் திரையை இழுக்காமல் விட்ட வீட்டை அடையாளம் பிடிக்க முடியவில்லை.

கடைக்குப் போனோம். காசு வாங்குகிற பெண் அவளோடு ஏதோ கதைத்து, இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். வெளியில் ஒரு கிழவர் ரோட்டின் மறுபக்கத்திலிருந்து அவளைக் கூப்பிட்டார். அவளும் இங்கிருந்தே கத்திப் பதில் சொன்னாள். என்ன என்று கேட்டேன். “அவரின்ரை வாசல் பனி தள்ள நான் வரேல்லை எண்டு திட்டுறார்,” என்றாள். என் பிள்ளைக்கு இவ்வளவு சத்தம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. புருசெத்தில் அவள் சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வாள்.

இரண்டாம் நாள் மத்தியானம், அவள் குசினியில் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். “நான் சீட்டு எடுத்திட்டன் பிள்ளை. உன்ரை மிச்சக் கடனுக்குக் காணும். கட்டிப்போட்டு வீட்டை வா.”

அவள் வந்து என் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்தாள்.

“அம்மா, கடன் முடிஞ்சுது.”

“எப்ப?”

“போன வருஷம். கோடைக்கு முன்னமே.”

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதை அவள் முகத்தில் தேடியபோது அது அங்கே இல்லை.

“பின்னை ஏன் சொல்லேல்லை? நத்தாருக்கு அப்பா கேக்கவும் கொஞ்சம் இருக்கெண்டுதானே சொன்னனீ?”

“சொன்னா வரச் சொல்லுவியள். பிறகு நான் வரேல்லை எண்டு சொல்ல வேணும்.” சேலைத் தலைப்பைப் பிடிக்கிற குழந்தை போல என் கம்பளிச் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “கடன் இருக்கெண்டா ஒருத்தருக்கும் நோகாது அம்மா. உங்களுக்கும் ஆக்களுக்குச் சொல்லச் சுகம்.”

“இஞ்சை ஆரும் இருக்கினமோ உனக்கு?”

“ஒருத்தருமில்லை. அதுக்காக இல்லை.” பிடித்திருந்த நுனியை விட்டுவிட்டு, “எனக்கு இஞ்சை இருக்கப் பிடிச்சிருக்கு,” என்றாள்.

நான் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பழைய சாப்பாட்டு மேசைக்குத்தான் போய் முடிந்திருக்கும். அரை மணித்தியாலத் தூரத்தில் ஒரு அறை கேட்டவளை நாங்கள் விடவில்லை. இப்போது இரண்டு விமானம் ஏறிப் பார்க்க வேண்டிய இடத்தில் இருக்கிறாள். அவள் இதைச் சொல்லவில்லை. சொல்கிற பிள்ளையும் இல்லை. மிச்ச வெங்காயத்தை அவளே வெட்டினாள். நான் அரிசி கழுவினேன். அன்று அந்தக் குழம்பு நன்றாக வந்தது. அவள் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள்.

திரும்பி வந்தபோது கணவர் ரயில் நிலையத்தடியில் காத்துக்கொண்டு நின்றார். பெட்டியை வாங்கிக்கொண்டு, “காசு குடுத்தனீரோ?” என்றார்.

“வேண்டாமாம். தானே கட்டுவாவாம். இன்னும் கொஞ்சம் இருக்காம்.”

“உம்மைப் போலைப் பிடிவாதம்,” என்றார். பிறகு கட்டடம் வரும் வரைக்கும் நொண்டி நொண்டி நடந்து வந்தார்.

அந்த நத்தாருக்கு அவள் வந்தாள். தலை துவட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்ததும், “எவ்வளவு உருகிச்சு?” என்றார் அவர். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அவளுடைய சோற்றுக் கோப்பையில் பருப்பு விட்டேன்.

“இன்னும் கொஞ்சம் கிடக்கப்பா,” என்றாள்.

“கிடக்கட்டும். ஆறுதலாக் கட்டு. அரசாங்கம் எங்கை ஓடப்போகுது?” என்று சொல்லிவிட்டு அவர் அப்பளத்தை நொறுக்கினார். அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியாது.

சீட்டுக் காசு வங்கியில் கிடக்கிறது. எடுத்துச் செலவழிக்க ஒன்றுமில்லை. சீட்டு முடிய இன்னும் மாதங்கள் இருக்கின்றன. மாதம் பிறந்தால் அம்மருட் அக்காவிடமிருந்து போனில் தகவல் வரும், நானும் போனிலேயே காசை அனுப்பிவிடுவேன். போன கிழமை கடையில் அவவைக் கண்டேன். முருங்கைக்காயைத் தெரிந்தெடுத்துக்கொண்டே, “மகளின்ரை கடன் முடிஞ்சுதோ?” என்று கேட்டா.

“இன்னும் இல்லை அக்கா,” என்றேன். “கட்டிக்கொண்டிருக்கிறம்.”