ஹமீது நானா பொய்யர் அல்ல

இன்று மார்ச் ஒன்பதாம் திகதி. எனக்கு எழுபத்தாறு வயது, நான்கு மாதம், பதினொரு நாள். "டீச்சருக்கு ஞாபகம் தடுமாறுகிறது" என்று இந்தப் பதிவின் கீழே எழுதத் துடிப்பவர்களுக்காக முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

கற்பிட்டியில் டீவி திருத்தும் கடை வைத்திருந்த ஹமீது நானா இன்று விடியற்காலை காலமானார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அவர் வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பினேன்.

அழுவதற்காக எழுதவில்லை. கோபத்தில் எழுதுகிறேன்.

ஒரு முகநூல் குரூப் இருக்கிறது. பழைய விண்கப்பல் தொடரொன்றின் ரசிகர்கள்... அதை இன்று மறுபடி எடுத்தால் எந்த வேடத்துக்கு எந்த நடிகர் என்று மாதக்கணக்காக வாக்களித்துக்கொண்டிருக்கிறார்கள். என் பழைய மாணவி ஒருத்தி என்னையும் அதில் சேர்த்துவிட்டாள்.

கப்பல் தலைவனாக ஜிம்மில் செதுக்கிய ஒருவரைத் தெரிவு செய்திருக்கிறார்கள். பழைய தலைவனுக்குத் தொப்பை இருந்தது. அதனால்தான் அவன் சொன்னதை நம்பினோம்.

வைத்தியருக்கு இருபத்தைந்து வயது முகம். எப்போது படித்து முடித்தாராம்?

சரி, அது அவர்கள் விளையாட்டு. சண்டை வந்தது கப்பலை ஓட்டும் பெண்ணின் வேடத்தில்.

அவளுக்கும், பிறகு வருகிற எஞ்சினியர் பெண்ணுக்கும் ஒரே நடிகைதான் வேண்டும் என்று கற்பிட்டிக்காரர்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். "ரெண்டும் ஒராள்தானே!" மற்ற ஊர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவர்கள் பார்த்த தொடரில் முதல் பெண் செத்துப்போனாள். அடுத்தவள் வேறொருத்தி.

கற்பிட்டியில் அவள் சாகவில்லை. ஹமீது நானாவின் கடை வாசலில் அவள் சாகவில்லை.

எண்பதுகளில் எங்கள் தெருவில் ஓடிய டீவி, திருத்துவதற்கு வந்த டீவி மட்டும்தான். சனிக்கிழமை பின்னேரம் அதை "சோதிக்க வேணும்" என்று வாசலைப் பார்க்கத் திருப்பி வைப்பார் நானா. ஆட்கள் மணலில் சாக்கு விரித்து உட்காருவார்கள். டீச்சர் என்றபடியால் எனக்கு மட்டும் கதிரை.

தொடர் முழுக்க ஆங்கிலம். அடியில் எழுத்தும் ஓடாது. கொழும்பில் ஒரு ரேடியோக் கடையில் பொறுக்கிய ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, சோல்டரிங் அயனும் கையுமாக நின்று, எல்லாப் பாத்திரங்களுக்கும் நானாவே தமிழ் பேசுவார்.

தலைவன் விண்வெளியைப் பார்த்து ஏதோ ஆழமாகச் சொல்வான். நானா: "டேய் மச்சான், பொகயப் பாத்துட்டு நிக்காம எஞ்சினப் பாரு!"

முன்வரிசையிலிருந்து சூசை அண்ணன், கடலுக்குப் போகிறவர்: "நானா, அந்தக் கப்பலுக்கு எத்தின ஹோர்ஸ்பவர்?"

"நாப்பது."

"அப்ப என்ட போட்ட விடக் கொஞ்சம்தான் கூட!"

ஒருநாள் கப்பலில் நெருப்பு. கதவைப் பூட்ட ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். ஓட்டுகிற பெண் நின்றாள்.

விளம்பரம் முடிந்ததும் நானா அறிவித்தார்: "மௌத்தாகல்ல. கண்ணாடிப் பொட்டில உறங்குறா."

மூன்று வாரம் கழித்து எஞ்சினியர் பெண் வந்து இறங்கினாள். "அவதான் இவ! மருந்தால மொகம் மாறிட்டு." தெருவே கை தட்டியது.

பல வருடம் அப்படியே போனது. பிறகு சவூதியிலிருந்து லீவில் வந்த ஒருவர் முழுத் தொடரையும் கசெட்டில் கொண்டுவந்தார். கடை வாசலில், பத்துப் பேர் முன்னால்: "நானா, நல்லாத்தான் புளுகிரிக்கிறீங்க! அந்தப் பொம்புள அண்டைக்கே மௌத்து!"

"ஓம், புளுகுதான்," என்றார் நானா. "ஒரு பொம்புளய உசிரோட வெச்சதுக்கு நீ என்னத்துக்குக் கொதிக்கிற?"

அன்றிலிருந்து அவர் "புளுகு நானா". அவர் சொன்ன கதையை இன்றும் விடாத ஊர், அத்தனை வருடம் எல்லோருக்கும் தமிழ் பேசிய மனிதருக்குக் கொடுத்த பட்டம்.

இன்று காலை அந்த குரூப்பில் யாரோ அவருடைய மரணச் செய்தியைப் போட்டார்கள். கீழே முதல் கொமெண்ட்: "புளுகு நானாவா? அவர் சாகல்ல, முகம் மாறிட்டார்." அதற்குச் சிரிப்பு முகங்கள் வரிசையாக.

மையத்து இன்னும் அடக்காமல் வீட்டில் கிடக்கும்போது. எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியும். அவருக்கு ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலம் படிப்பித்தது நான்தான். வீணாய்ப் போன உழைப்பு.

நானாவின் மகள் ரிஸ்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், புள்ளையள் போன்ல காட்டிச்சிகள்... எங்க வாப்பா ஊருக்கே பொய் சொன்னவரா?"

"இல்லம்மா."

"அப்ப அவரே ஓம் எண்டு சொன்னாரே?"

யாரோ அவளை உள்ளே கூப்பிட்டார்கள். ரிஸ்னா, பதிலை இங்கே எழுதுகிறேன். அந்த குரூப்பில் உள்ளவர்களும் வாசிக்கட்டும்.

கப்பலில் நெருப்புப் பிடித்த அன்று, விளம்பரம் ஓடும்போது உன் வாப்பா என் கதிரைப் பக்கம் குனிந்தார். "டீச்சர், கடசியா அவ சொன்னது வெளங்கல்ல. புள்ள மௌத்தா?"

பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்தவள் நான். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியிருந்தது. தலைவனை எதிர்த்துக் கதைக்க அந்தக் கப்பலில் இருந்தவள் அவள் ஒருத்திதான். அவளைக் கொன்றது எனக்குப் பிடிக்கவில்லை.

"இல்ல நானா, கண்ணாடிப் பெட்டியில உறங்குறா" என்றேன். மூன்று வாரம் கழித்து மற்றவள் வந்தபோது அவர் மறுபடி என்னைப் பார்த்தார். "அவதான். மருந்தால முகம் மாறியிருக்கு" என்றேன்.

கசெட்டுக்காரர் வந்து சிரித்த நாளிலும் நான் அந்த வாசலில்தான் நின்றேன். நானா திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் "ஓம், புளுகுதான்" என்றார்.

ஸலாம், நானா.