அம்மா சொல்லாத விலாசம்

அப்பாவின் ஆட்கள் காற்றோடு இடம் மாறுகிறவர்கள். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் முல்லைத்தீவுக் கரையில் வாடிக் குடிசை போட்டுக் கரைவலை இழுப்பார்கள். வாடைக்காற்றுத் திரும்பிவிட்டால் கிடுகுகளை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு வேறு கரைக்குப் போய்விடுவார்கள். அம்மா அப்படியல்ல. கலியாணம் முடித்த கையோடு, இனி ஒரு வீடு, ஒரு வாசல், ஒரு மாதா கோயில் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாராம். அந்தப் பிடிவாதத்துக்கு அப்பா கட்டிக்கொடுத்த வீட்டில்தான் அண்ணாவும் நானும் பிறந்தோம். அலை இரைகிறபோது சுவரும் சேர்ந்து இரைகிற வீடு.

தொண்ணூறில் மறுபடியும் சண்டை தொடங்கியது. கரையை விட்டு முள்ளியவளைக்கு ஓடினோம். வலையை அள்ளிக்கொண்டு வர முடியவில்லை. அப்பா வெறுங்கையைப் பார்த்தபடி இருப்பார், அண்ணா அப்பாவைப் பார்த்தபடி இருப்பான். அவனுக்கு அப்போது இருபது வயது. ஒரு காலையில் பல் தீட்டப் போனவன் திரும்பி வரவில்லை. இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று மத்தியானம் அவனுடைய கூட்டாளி வந்து சொன்னான். அம்மா அழவில்லை. அவனுக்கு வைத்த தேத்தண்ணீரை எடுத்துக் குடித்தார், ஆறிப்போயிருந்தது என்று முகம் சுளித்தார்.

அந்த வருடமே எதிர்வீட்டு வாசலில் ஒரு பிக்கப் வந்து நின்றது. இரண்டு இயக்கப் பெடியள் இறங்கினார்கள். மகனை இயக்கத்துக்குக் கொடுத்திருந்த எதிர்வீட்டு அக்கா மா இடித்துக்கொண்டிருந்தார். பெடியள் முதலில் விலாசத்தை விசாரித்தார்கள். இன்னாருடைய வீடு இதுதானே, தகப்பன் பெயர் இதுதானே. "ஓம்" என்று அவர் சொன்ன பிறகுதான் செய்தியைச் சொன்னார்கள். உலக்கை விழுந்த சத்தம் எங்கள் குசினிவரை கேட்டது.

அம்மா அதை வேலியால் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் கண்டுபிடித்தது இதுதான்: விலாசம் சரியில்லையென்றால் அவர்களால் சொல்ல முடியாது. சொல்ல முடியாவிட்டால் நடந்திருக்காது.

பிறகு நாங்கள் நகர்ந்துகொண்டேயிருந்தோம். செல்குண்டு விழுந்ததற்காகச் சில தடவை, விழாமலே சில தடவை. எந்த ஊரிலும் ஊர் அலுவல் பார்க்கிற விதானையாரிடம் பதியவில்லை. பதியாதவர்களுக்கு நிவாரணம் இல்லை. அரிசியும் பருப்பும் சீனியும் சனம் சாக்கில் கட்டிக்கொண்டு போகிறபோது நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். ஒட்டுசுட்டானுக்குப் புறப்படும்போது அக்கம்பக்கத்தாரிடம், "மல்லாவிப் பக்கம் போறம்" என்றார் அம்மா. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

வண்டியில் அப்பா வெடித்தார்.

"உனக்கென்ன விசரே? பெடியன் லீவில வந்தால் எங்கையெண்டு தேடுவான்?"

"உயிரோடை இருக்கிறவன் தேடி வருவான். மற்றது தேடி வரக்கூடாது."

"கடவுளுக்கும் பொய் விலாசமோ குடுத்து வைச்சிருக்கிறாய்?"

"அவருக்குத் தெரியும். அவர் ஒருத்தருக்கும் சொல்லமாட்டார்."

கடைசியில் விசுவமடு. குளக்கட்டுக்குக் கீழே, யாழ்ப்பாணத்திலிருந்து எப்போதோ வந்து குடியேறிய ஒரு கமக்காரரின் காணித்துண்டில் கொட்டில் போட்டோம். அப்பா அவருடைய வயலில் கூலிக்குப் போனார். வரம்பு கட்டத் தெரியாது. "வலைமடி இழுக்கிற மாதிரி மண்வெட்டியை இழுக்காதையுங்கோ அண்ணை, வரம்பு உங்களோடையே வந்திடும்" என்று கமக்காரர் பகிடி விடுவார். அப்பா சிரிப்பார். ஆனால் காற்று மாறுகிற நாட்களில் கொட்டிலைச் சுற்றிச் சுற்றி நடப்பார். எனக்கும் அந்த இருப்புக்கொள்ளாமை தொற்றிக்கொண்டது. எந்த வாகனம் ஒழுங்கையில் வேகம் குறைத்தாலும் நான் எழுந்து நிற்பேன். இப்போதும்தான், இந்த வரியை எழுதுகையிலும் வெளியே ஓட்டோ ஒன்று வேகம் குறைத்தது. எழுந்தேன்.

நிவாரணம் இல்லாத வயிற்றுக்கு அம்மா ஒரு வழி கண்டார். குளத்து மீனை மலிவாக வாங்கி, எங்கள் கரையில் செய்வதுபோல முதுகால் கீறி, உப்பிட்டு, வேலியில் காயப்போட்டார். அந்தப் பக்கத்துச் சனம் குளத்து மீனைப் பச்சையாகக் கறி வைத்தே தின்று பழகியது. மணம் ஊரை எழுப்பியது. கமக்காரரின் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு போவார், பின்னேரம் ரகசியமாக ஆள் விட்டு ரெண்டு கருவாடு வாங்குவார்.

அண்ணா அந்த மணத்தில்தான் வந்து சேர்ந்தான்.

வெயில் சரியத் தொடங்கியிருந்தது. வேலியோரம் சைக்கிள் ஒன்று நின்றது. மெலிந்து கறுத்து, ஒரு காதோரம் தழும்போடு ஒருவன். அம்மா கையில் உப்போடு நின்றார்.

"என்னணை, ஆமின்ரை காவலரணைக் கண்டுபிடிச்சிடலாம், உங்கடை கொட்டிலைக் கண்டுபிடிக்கேலாது!"

ஒரு கிழமை லீவு. முள்ளியவளை போய், அங்கே மல்லாவி என்று கேள்விப்பட்டு மல்லாவி போய், ஒருவருக்கும் தெரியாமல் பரந்தன் வந்து, யாரோ சொல்லி ஒட்டுசுட்டான் போய், லீவு முழுவதையும் மிதித்தே தீர்த்துவிட்டான். கடைசியில் விசுவமடுக் கடையில் சோடா குடிக்கையில் கடைக்காரர் யாரிடமோ முறைப்பட்டுக்கொண்டிருந்தாராம்: குளத்து மீனை முதுகால் கீறிக் காயப்போட்டு ஊரை நாறடிக்கிற ஒரு வேதக்கார மனுசி. "முதுகாலையோ?" என்று கேட்டுவிட்டு, சோடாவைப் பாதியில் வைத்துவிட்டு வந்திருக்கிறான். இருட்ட முதல் திரும்ப வேண்டும்.

கோழி அடிக்க நேரமில்லை. சோறும் கருவாட்டுப் பொரியலும் வைத்தோம்.

"சேறு மணக்குதணை."

"கடல் மீனுக்கு நீயெல்லோ கரையைப் பிடிச்சுத் தரவேணும்" என்றேன்.

"இவள் இன்னும் வாயாடிதான்." சிரித்தான். சேற்றில் புதைந்த வாகனங்களைக் கயிறு கட்டி இழுக்கிறபோது, கரைவலைக்கு அதன் முதலாளி சம்மாட்டி குரல் கொடுப்பதுபோல அவன் குரல் கொடுப்பானாம், மற்றவர்கள் ஒரே மூச்சில் இழுப்பார்களாம். "அங்கை என்னைச் சம்மாட்டி எண்டுதான் கூப்பிடுறவங்கள். வலையில்லாத சம்மாட்டி." சண்டையைப் பற்றி அவ்வளவுதான் சொன்னான். தழும்பைப் பற்றிக் கேட்க விடவில்லை. அப்பா அவனுடைய சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தேவைக்கு அதிகமாகவே விட்டார்.

எழும்புகிறபோது அண்ணா கேட்டான்.

"அம்மா, இந்த விலாசத்தை இயக்கத்தில குடுக்கட்டே?"

அம்மா வேலியில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்கள் வேண்டாமெண்டால் குடுக்கேல்லை. ஆனால் இனி இடம் மாறாதையுங்கோ, அடுத்த முறை நான் நேர இஞ்சை வரவேணும். உங்களோடை ஒரு நாளாவது படுத்தெழும்ப வேணும்."

அம்மா எல்லா மீனையும் திருப்பி முடித்தார். அவன் மிதித்த அந்த ஒரு கிழமை அவருடைய முகத்தில் ஏறுவதை நான் பார்த்தேன். சேலையில் கையைத் துடைத்தார்.

"எழுதடா" என்றார். சந்தி, கடை, குளக்கட்டு, கட்டால் இறங்குகிற ஒழுங்கை, கமக்காரரின் பெயர், அப்பாவின் பெயர். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொன்னார். வாசித்துக் காட்டச் சொன்னார்.

மறுநாளே விதானையாரிடம் போய்ப் பதிந்தார். எங்களுக்கும் அரிசி வந்தது. அதன் பிறகு அம்மாவை அசைக்க முடியவில்லை. கிபிர் விமானம் வந்து குளத்தருகே குண்டு போட்டுப் பாதிச்சனம் வெளிக்கிட்டபோதும், அப்பா சாமான்களைக் கட்டியபோதும், பங்கருக்குள் இருந்தபடியே சொன்னார்: "விலாசம் குடுத்தாச்சு. அவன் வந்து வெறும் காணியைப் பார்க்கிறதோ?"

மாரி முடிந்தபோது ஒழுங்கையில் ஒரு வாகனம் வேகம் குறைத்தது. நான் எழுந்தேன். இரண்டு பெடியள். வேலிக்கு அப்பால் நின்று, அப்பாவின் பெயரைச் சொல்லி, வீடு இதுதானே என்று கேட்டார்கள்.

"ஓம்" என்றார் அம்மா. உள்ளே போய் இரண்டு கதிரைகளைத் தூக்கி வந்து போட்டார். அவர்கள் இருக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்பட்டனியளோ, தம்பி?"

"இல்லையம்மா" என்றான் ஒருவன். "நேர வந்திட்டம்."