வாய் திறக்காமல் தோற்ற அண்ணன்

அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவரை நினைத்து வந்திருக்கும் உறவினர்களுக்கும் தாராவி நண்பர்களுக்கும் இந்த நினைவு மலரில் தங்கை எழுதுவது.

அண்ணன் பிறந்தது திருநெல்வேலிச் சீமையில். அப்பா இறந்ததும் பம்பாய்க்கு ரயிலேறி, தாராவியில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலையில் சேர்ந்தார். வெந்த விரல்களோடு இரவுப் பள்ளியில் மராத்தி படித்தார். யாருக்கு ரேஷன் கார்டு இல்லையென்றாலும், எந்தச் சந்தில் குழாய் வறண்டாலும், மனு எழுதி ஆபீஸ் படியேறியவர் அவர்தான். என்னை ஊரிலிருந்து வரவழைத்து, தம்முடன் வேலை செய்த நண்பருக்கே மணமுடித்தார். மூவரும் ஒரே அறையில் குடியிருந்தோம்.

உலக யுத்தம் முடிந்த சமயம் ஷாப்பில் அண்ணன் தலைமையில் வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்றவர்களின் பெயர்களை யாரோ முதலாளியிடம் கொடுத்துவிட, பல குடும்பங்கள் பிழைப்பிழந்தன. கலவரத்துக்கு அஞ்சி அண்ணனை மட்டும் விட்டுவைத்தார்கள். அடுத்து வந்த மாகாண சட்டசபைத் தேர்தலில் தொழிலாளர்கள் அண்ணனையே நிறுத்தினார்கள்.

வாக்குப்பதிவுக்கு முந்தைய கூட்டத்தில், எதிர்த்தரப்பு மேடையில் என் கணவர் ஏறினார்.

"பேரக் குடுத்தது வேற யாருமில்ல, எம் மச்சான்தான். ஒரே வீட்டுல இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

வீட்டுக்கு வந்தவரை, அண்ணன் முன்னாலேயே கேட்டேன். "குடுத்தது நீங்கதான?"

"மொதலாளி மேஸ்திரி வேல தாரேன்னாக. நீயும் நல்லா இருக்க வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

"ஜனங்ககிட்ட உள்ளதச் சொல்லுங்கண்ணே" என்று அழுதேன்.

"சொன்னா அவன அடிச்சே கொன்னுருவானுவ. எனக்கு ஒன் தாலிதான் பெருசுடி. நீயும் வாயத் தெறக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

அண்ணன் தோற்றார். அவர் மனுவால் ரேஷன் வாங்கியவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஷாப்பிலும் வேலை போயிற்று. வடாலா சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கினார். கணவர் மேஸ்திரியாகி வேறு வீடு பார்த்தபோது நான் உடன் போகவில்லை. நெஞ்சு நோயில் படுத்திருந்த நாளில், "நீயா செஞ்சேன்னு ஒருத்தராவது வந்து கேட்டிருக்கலாம்லா" என்றார் அண்ணன். வேறு குறை சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசிவரை கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு மராத்தி அக்காவுக்கும், பாடை தூக்கிய வடாலா கூலியாட்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இதை அச்சிட வேண்டாமென்று கணவர் ஆள் அனுப்பினார். அண்ணனிடம் செய்த சத்தியம் அண்ணனோடு போயிற்று. அன்று பெயர்களைக் கொடுத்தவர் என் கணவர். அவர் பொய்யை நம்பி முகம் திருப்பிய ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த மலரை நானே கொண்டுவருவேன். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டுவேன்.