கட்டையாருக்காக ஒரு போன் கால்

1984 டிசம்பர் எட்டாம் தேதி, சனிக்கிழமை, மாலை ஆறு மணி இருபது நிமிடம். மழை என்றும் சொல்ல முடியாத, பனி என்றும் சொல்ல முடியாத ஏதோ ஒன்று, யாரோ மணலை வாரி இறைப்பதுபோல் ஜன்னல் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. நியூயார்க்கிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலிருக்கும் பிஸ்கட்டவேயில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில், ஹீட்டர் குழாயின் மேல் காயப் போட்டிருந்த இரண்டு கம்பளிக் கோட்டுகளின் ஈர வாடையோடு அம்மாவின் காப்பி மணமும் மிக்சரில் தூக்கலாக இருந்த பெருங்காய மணமும் கலந்து நின்றன. இன்றைக்கும் எங்காவது ஈரக் கம்பளியை முகர்ந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது குளிரல்ல, பேஸ்பால்தான்.

குளிரில் யாரும் பேஸ்பால் ஆடுவதில்லை. ஆட்டம் அக்டோபரில் முடிந்தால் ஏப்ரல் வரை மைதானம் காலிதான். ஆனால் ரசிகனுக்கு உண்மையான வேலை அந்த மாதங்களில்தான் இருக்கும். எந்த அணி யாரை யாருக்கு "டிரேட்" செய்து மாற்றிக்கொள்கிறது, யாரைப் புதிதாக ஒப்பந்தம் செய்கிறது, யாரைக் கைகழுவுகிறது என்று தினமும் ஒரு செய்தி வரும். வராத நாளில் வதந்தி வரும். ஒப்பந்தம் முடிந்து, எந்த அணி கூப்பிட்டாலும் போகலாம் என்று காத்திருக்கும் ஆட்டக்காரருக்கு "ஃப்ரீ ஏஜென்ட்" என்று பெயர். கேட்க கௌரவமாக இருந்தாலும், பாதிப் பேருக்கு அது வேலை போனதை மரியாதையாகச் சொல்லும் வார்த்தைதான்.

இதையெல்லாம் விவாதிக்கச் சனிக்கிழமைதோறும் எங்கள் பேஸ்மென்டில் மூன்று பேர் கூடுவார்கள். ஒருவர் என் அப்பா சுந்தரம், மருந்து கம்பெனியில் கெமிஸ்ட். இன்னொருவர் மூர்த்தி அங்கிள், அப்பாவோடு சென்னையில் கல்லூரியில் படித்தவர், இங்கே என்ஜினியர்; கையில் கால்குலேட்டர் இல்லாமல் அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. மூன்றாமவர் ஜெயசீலன் அங்கிள், யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரியில் டாக்டர். பதினைந்து வயதான நான்தான் அந்தச் சபைக்கு ஆவணக் காப்பாளன். பப்பிள்கம் பாக்கெட்டில் வரும் ஆட்டக்காரர் அட்டைகள் என்னிடம் நானூற்றுப் பன்னிரண்டு இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் அந்த ஆளின் வருடவாரிக் கணக்கு பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். "எடுடா அவன் ஃபைல!" என்று மூர்த்தி அங்கிள் கை நீட்டினால், பத்து எண்ணுவதற்குள் எடுத்துக் கொடுப்பேன்.

மூவரும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். அமெரிக்காவில் கிரிக்கெட் இல்லாத குறைக்குப் பேஸ்பாலைப் பிடித்துக்கொண்டார்களே தவிர, மனசுக்குள் கிரிக்கெட்டை விடவில்லை. அமெரிக்கர்கள் பந்தை வேலிக்கு வெளியே அடிப்பவனைக் கொண்டாடினார்கள்; இவர்கள் அவுட் ஆகாதவனைக் கொண்டாடினார்கள். பேஸ்பாலில் அடிக்க முடியாத மோசமான பந்து நான்கு வந்து, மட்டையாளர் அவற்றைத் தொடாமல் விட்டுவிட்டால், அடித்துவிட்டு ஓடிச் சேர வேண்டிய முதல் தளத்துக்குச் சும்மா நடந்து போகலாம். அக்கம்பக்கத்தில் யாரும் அதை ஒரு திறமையாகவே மதிக்கவில்லை. மூர்த்தி அங்கிள் மட்டும் அடித்ததையும் நடந்ததையும் கூட்டி வகுத்து "அவுட் ஆகாத பர்சன்ட்" என்று ஒரு எண்ணைக் கண்டுபிடித்து, அதை வைத்தே எல்லாரையும் எடை போட்டார். பக்கத்து வீட்டு அமெரிக்கர் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

அந்தக் கணக்கில் முதலிடம் எங்கள் அணியின் முதல் தளக் காவலருக்கு. அணியின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். அவருக்கு வயது முப்பத்தாறு, முழங்கால் போய்விட்டது, பெரிய அடி கிடையாது. ஆனால் கெட்ட பந்தைத் தொடவே மாட்டார். தெரு கிரிக்கெட்டில் அசையாமல் தடுத்து ஆடுபவனைக் "கட்டை போடுறான்" என்போமே, அதை வைத்து அப்பா அவருக்குக் "கட்டையார்" என்று பெயர் வைத்தார். அந்த டிசம்பரில் கட்டையாரைத் தள்ளிவிட்டு ஒரு இளம் பந்துவீச்சாளனை வாங்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது.

"வித்துரணும் சார். இன்னும் ஒரு வருஷம் போனா இரும்பு விலைக்குக்கூட எவனும் எடுக்க மாட்டான்" என்றார் மூர்த்தி அங்கிள், தம் கணக்குக்கே துரோகமாக.

"அப்பிடிப் பாத்தா உம்மை எந்த விலைக்குப் போடுறது? உமக்கும் முழங்கால் இல்லைத்தானே" என்றார் ஜெயசீலன் அங்கிள்.

அப்பா சிரிக்கவில்லை. அதன் காரணம் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேருக்குத்தான் தெரியும். அக்டோபர் முதல் வாரத்தில் அப்பாவின் கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கியது. அடுத்த வாரமே அப்பாவின் பிரிவை மூடிவிட்டார்கள். அவருக்கு வயது நாற்பத்தேழு. மறுநாளும் வழக்கம்போல் டை கட்டிக்கொண்டு, அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தோடு கிளம்பினார். பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து பேப்பரில் வேலை விளம்பரம் பார்த்துவிட்டு, ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். "தமிழ்ச் சங்கத்துல ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. யாராவது கேட்டா அப்பாவுக்கு ஆஃபீஸ்ல ரொம்ப வேலைன்னு சொல்லு" என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் தெருவில் என் சித்தப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். ஜனவரிக்குள் எதுவும் அமையவில்லை என்றால் வீட்டை விற்றுவிட்டு அங்கே போய், அப்பா கல்லாவில் உட்காருவது என்று முடிவாகியிருந்தது. எனக்கு இரவில் தூக்கம் வராது. படுத்துக்கொண்டு இந்த ஊரில் எனக்கு இன்னும் எத்தனை சனிக்கிழமை மிச்சம் என்று விரல் விட்டு எண்ணுவேன். அந்த வாரம் எட்டுக்கு மேல் தேறவில்லை.

அன்று நியூயார்க் வானொலியில், ஆறு மணிக்குத் தொடங்கிய, ரசிகர்கள் போன் போட்டுப் பேசும் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. கட்டையாரை யாரோ "நடைப்பிணம்" என்றார்கள். நிகழ்ச்சி நடத்துபவர் சிரித்தார். அப்பா திடீரென்று எழுந்து, "அந்த நம்பர டயல் பண்ணு" என்றார்.

டயல் செய்தவன் நான்தான். வெளியூர்க் கால், நிமிடத்துக்கு எவ்வளவு பிடிப்பார்களோ என்ற கவலையோடு காத்திருந்தேன். பன்னிரண்டு நிமிடம் கழித்து லைன் கிடைத்தது. கிடைத்ததும் அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதல் வார்த்தையே, ரேடியோவைக் குறையுங்கள் என்ற அதட்டல். மூர்த்தி அங்கிள் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி, அம்மா சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்த சமையலறைக்கு ஓடினார். கீழே அப்பாவும், ஜெயசீலன் அங்கிளும், நானும், சுருள் ஒயர் தொங்கும் சுவர் போனும்தான் மிச்சம்.

அந்த இரண்டு மாதத்தில் போன வேலை நேர்காணல்களில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச வராமல் திரும்பி வந்த அப்பா, அன்றைக்குப் பேசினார். ஒரு சுற்றில் ஓர் அணிக்கு இருப்பதே மூன்று அவுட், அதை வீணாக்காதவன்தானே பெரிய ஆட்டக்காரன் என்று கேட்டார். முப்பத்தாறு வயதாகிவிட்டதே என்று நிகழ்ச்சி நடத்துபவர் இழுத்தபோது, "முப்பத்தாறு வயதானதால்தான் சார் எந்தப் பந்தை விட வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறது. இருபத்திரண்டு வயதுக்காரன் எல்லாவற்றுக்கும் மட்டையை வீசுவான்" என்றார்.  நிகழ்ச்சி நடத்துபவர், இந்தமுறை கேலியில்லாமல், நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவசரமாகத் தலையை ஆட்டினேன். கெமிஸ்ட் என்று சொல்லுங்கள் என்று அர்த்தம். அப்பா ஒயரை ஒருமுறை விரலில் சுற்றினார்.

"ஐ யாம் எ கெமிஸ்ட், சார். சின்ஸ் அக்டோபர், ஐ யாம் எ ஃப்ரீ ஏஜென்ட்" என்றார்.

வானொலியில் பேசுவது சில விநாடி தாமதமாகத்தான் ஒலிபரப்பாகும். அது எனக்குத் தெரியும், அதனால் எண்ணினேன். ஏழாவது எண்ணில் மேலே சமையலறையில் சப்பாத்திக் கட்டை தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

அப்பா நன்றி சொல்லிப் போனை வைத்தார். ஜெயசீலன் அங்கிள் கையில் எடுத்த மிக்சரை வாயில் போடாமல் அப்படியே தட்டில் திருப்பிப் போட்டார்.

"என்ன காணும் இது? ரெண்டு மாசமா எங்கட ஆஸ்பத்திரி லாப்பில ஒரு கெமிஸ்ட் இடம் சும்மா கிடக்குது. ஆள் கிடைக்கேல்லையெண்டு நான் வீட்டில தினம் புலம்புறன். ஒவ்வொரு சனிக்கிழமையும் உமக்குப் பக்கத்தில இருந்து மிக்சர் திண்டனே, ஒரு சொல்லுச் சொன்னீரோ?"

 படியில் தடதடவென்று மூர்த்தி அங்கிள் இறங்கி வந்தார். ரேடியோ இன்னும் கையில் பாடிக்கொண்டிருந்தது.

"டேய் சுந்தரம், முப்பது வருஷப் பழக்கம். முகம் தெரியாத ரேடியோக்காரன்கிட்ட சொல்ற, எங்கிட்ட சொல்ல மாட்டியா?" என்று கேட்டார். சட்டென்று திரும்பி ஹீட்டரைப் பார்த்து நின்றுகொண்டார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

அவர் பின்னாலேயே அம்மா வந்தாள், கையெல்லாம் மாவு. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நானும் பதினெட்டு வருஷமா இவர டிரேட் பண்ணலாம்னு பாக்கறேன் அண்ணா, ஒரு டீமும் வாங்க மாட்டேங்கறான்" என்றாள். சொல்லிவிட்டு அவளே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதலில் சிரித்தது அப்பாதான். இரண்டு மாதத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

பிறகு நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு உற்சாகம் வருகிறது. மூர்த்தி அங்கிள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கால்குலேட்டரை எடுத்தார். கட்டையாரை அலசிய அதே மேஜையில், அதே தோரணையில், என் அப்பாவை அலசினார்கள். "வயசு நாப்பத்தேழு. முழங்கால் ஓகே. கண்ணாடி உண்டு. பதினோரு வருஷத்துல எத்தன நாள்டா லீவு போட்ட?" "ஆறு." "அவுட் ஆகாத பார்ட்டி! எழுதுடா தம்பி!" நான் எழுதினேன். "இன்டர்வியூலதான் எனக்குப் பேச்சே வர மாட்டேங்குது" என்றார் அப்பா. "அங்க போய் அவங்க கேக்கற கேள்வியெல்லாம் கட்டையாரப் பத்திக் கேக்கறாங்கன்னு நெனச்சுக்கோ." "சம்பளம் குறைவுதான், இப்பவே சொல்லிப்போட்டன். பிறகு என்னோட சண்டைக்கு வரக்கூடாது" என்றார் ஜெயசீலன் அங்கிள். சப்பாத்தி ஆறிப் போனதை யாரும் கவனிக்கவில்லை. அப்பாவின் புதிய பயோடேட்டா அன்றைக்கு மிக்சர் எண்ணெய் பட்ட தாளில்தான் முதலில் எழுதப்பட்டது.

ஜனவரியில் அப்பா அந்த லாப்பில் சேர்ந்தார். அதே வாரத்தில் எங்கள் அணி கட்டையாரை டெக்சாஸ் பக்கம் தள்ளிவிட்டது. "போக வேண்டியவர் இருந்திட்டார், இருக்க வேண்டியவர் போயிட்டார்" என்றார் ஜெயசீலன் அங்கிள். முதல் நாள் காலையில், அப்பாவின் புது வெள்ளைக் கோட்டின் பையில் கட்டையாரின் அட்டையை நான் வைத்தேன். எடுத்துப் பார்த்தவர் அதைத் திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டார். மார்ச் மாதம் வரை அது அங்கேயே இருந்தது. பிறகு அம்மா பையைப் பார்க்காமல் கோட்டைத் துவைத்துவிட்டாள். அட்டை கூழாகி, கோட்டெல்லாம் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டது. "போனா போறது, அவர்தான் டெக்சாஸ் போயாச்சே" என்றாள்.

அப்பா அந்த லாப்பிலிருந்துதான் ஓய்வு பெற்றார். அந்த டிசம்பரில் அவருக்கிருந்த வயதைவிட எனக்கு இப்போது பத்து வயது அதிகம். அப்பாவும் ஜெயசீலன் அங்கிளும் இல்லை. மூர்த்தி அங்கிள் மேற்குக் கரையோரம் பிளசன்டனில் மகள் வீட்டில் இருக்கிறார். போன் செய்தால் முதலில் முழங்காலைப் பற்றியும் பிறகு புது டிரேடுகளைப் பற்றியும் சொல்வார். பிஸ்கட்டவே வீட்டை வாங்கியவர்கள் பேஸ்மென்டில் உடற்பயிற்சி எந்திரங்கள் வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. சுருள் ஒயர் போன் போய்விட்டது, அட்டையோடு வந்த பப்பிள்கம் போய்விட்டது, ஒரு வதந்தியை ஒரு வாரம் முழுக்க வைத்துத் தின்னும் பொறுமையும் போய்விட்டது. இப்போது டிரேடு நடந்த நிமிடமே என் மகன் ஆங்கிலத்தில் ஒரு வரி அனுப்புகிறான். நான் படித்து முடிப்பதற்குள் அவனுக்கு அது பழசாகிவிடுகிறது. ஆனால் அன்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்த அந்தக் கணக்கு போகவில்லை. இன்று எல்லா அணிகளும் ஆளை எடுப்பதற்கு முன்னால் அவன் எவ்வளவு அவுட் ஆகாமல் இருக்கிறான் என்றுதான் பார்க்கின்றன. மூர்த்தி அங்கிளிடம் இதைச் சொன்னால், "அப்பவே சொன்னேன், எவன் கேட்டான்?" என்கிறார்.

போன மாதம் அதே வருடத்துக் கட்டையார் அட்டையை இணையத்தில் தேடிப் பிடித்தேன். மூலையில் ஒரு மடிப்பு இருந்தாலும் முதுகில் கணக்கெல்லாம் தெளிவாக இருக்கிறது. சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். சலவைக்குப் போடும் முன் இரண்டு தடவை தடவிப் பார்த்துக்கொள்கிறேன். அட்டை விலை எழுபத்தைந்து காசு, தபால் செலவு நான்கு டாலர் இருபத்தைந்து காசு. ஆக மொத்தம் ஐந்து டாலர்.