சுவராகிப் போன துவாரம்

வேலையில் சேர்ந்த முதல் நாள், கணினித் திரையில் மூக்கு இடிக்கும்படி குனிந்திருந்தவர் திரும்பாமலே சொன்னார்: “உக்காரு தம்பி. காலடியில ஒயர் கெடக்கு, பாத்து.” அலுவலகமே அவரை வலையக்கா என்றுதான் கூப்பிடும்.

ஓர் அறையில் காற்றும் குளிரும் எப்படிப் பரவும் என்ற கணக்கை மொத்தமாகப் போட முடியாது. இடத்தைக் குட்டிக் கட்டங்களாக வெட்டி, கட்டம் கட்டமாகப் போட வேண்டும். அந்தக் கட்ட வலையைப் பின்னுவது அக்காவின் வேலை.

“நேரா இருக்கற எடத்துக்குச் செங்கல் மாதிரி கட்டம். வளைவுக்கு முக்கோண முகம் நாலு உள்ள கட்டம். எல்லாத்தையும் பொடிப்பொடியா வெட்டினா கம்ப்யூட்டர் நாக்கு தள்ளிடும்.”

வலையைக் கணக்குப் போடும் மென்பொருளுக்கு மாற்றியதும் அக்கா தாளோடு உட்கார்ந்து, காற்று வந்து போகும் வழிகளின் பெயர்களை “நுழைவாசல்... மேல் துவாரம்... பக்கத் துவாரம்...” என்று சத்தமாக வாசித்து டிக் அடிப்பார்.

“என்னக்கா, அட்டெண்டன்ஸா?” என்று சிரித்தேன்.

“ஆமா. மாத்தும்போது பேர் தொலைஞ்சதையெல்லாம் இந்த மென்பொருள் சுவர்னு நெனச்சுக்கும். கூப்பிட்டாத்தானே யார் வரலன்னு தெரியும்?”

ஒருநாள் மதியம் அக்கா தன் அம்மாவைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மருந்துக் கிடங்கு ஒன்றின் வலையை மாற்றும் வேலை என்னிடம் வந்தது. என் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது, எனக்கெதற்கு அட்டெண்டன்ஸ்? மாற்றினேன், கணக்கை ஓட்டினேன். வண்ணப் படங்கள் கண்ணைப் பறித்தன. ஒரு மூலை மட்டும் சூடாகத் தெரிந்தது. அதையே அறிக்கையில் எழுதினோம். கிடங்குக்காரர்களும் அந்த மூலையைப் பார்த்துப் பெரிய குளிர்காற்று விசிறி ஒன்றை மாட்டினார்கள்.

மருந்து உறைந்து போனது. நிஜத்தில் அந்த மூலை சூடே இல்லை. என் வலையில்தான் குளிர்காற்று வரும் பக்கத் துவாரம் பேர் தொலைந்து சுவராகிக் கிடந்தது.

“வலை யாரோடது?” என்று மேலாளர் கத்தினார். கோப்பில் வழக்கம்போல அக்காவின் பெயர். அக்கா கோப்பின் நேரத்தைப் பார்த்தார், அவர் மருத்துவமனைக்குப் போன மதியம் அது. பிறகு என்னை.

“அட்டெண்டன்ஸ் எடுத்தியாப்பா?”

ஊரில் அப்பா என் அடையாள அட்டைப் படத்தை வருவோர் போவோருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

“எடுத்தேன்கா.”

அக்கா மேலாளர் பக்கம் திரும்பினார். “என் பேர்ல போனது. நான்தான் பாத்திருக்கணும் சார்” என்றார். நான் வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல நின்றேன். அந்த வாரமே அவரை வலைப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

உண்மையை நான்கு மாதம் கழித்து மேலாளரிடம் சொன்னேன். “முடிஞ்சு போனத எதுக்குப்பா கிளறுற? பிரிவே இப்ப உன்கிட்டதானே இருக்கு!” என்றார். அக்காவிடம் போய்ச் சொன்னேன். “தெரியும்” என்றார். தம்பி என்று சொல்லவில்லை.

இப்போது அவர் கீழ்த்தளத்தில் பழைய கோப்புகளுக்கு எண் ஒட்டுகிறார். அவருடைய நாற்காலியில் நான் இருக்கிறேன்.